அடைத்த கதவுக்கு வெளியே யார் நிற்பது? குடியிருப்போர் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

குடியிருப்போர் நலச் சங்கங்களின் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19 நோயைப் பெருந்தொற்று என்று சொன்னது. அதைத் தொடர்ந்து குடியிருப்புகளின் அறிவிப்புப் பலகைகளில் தாள்கள் ஏறின. விருந்தாளிகள் வரக் கூடாது. லிஃப்டில் கூட்டமாக ஏறக் கூடாது. பிள்ளைகள் கீழே விளையாடக் கூடாது. வீட்டு வேலைக்கு ஆள் வரக் கூடாது. பொருள் கொண்டுவருபவர் வாசல் கேட்டைத் தாண்டக் கூடாது. அந்தக் 'கூடாது'களில் பலவற்றுக்கு அன்றைக்கு நியாயம் இருந்தது. அவற்றைக் குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை. அந்தத் தாள்களில் விடுபட்டுப்போன ஒரு வரிக்காக எழுதுகிறோம்: ஒருவர் வரக் கூடாது என்றால், அவர் செய்துகொண்டிருந்த வேலையை இனி யார் செய்வது?

வீட்டு வேலைக்கு வரும் பெண்ணை நிறுத்தினால் நின்றுபோவது பாத்திரம் துலக்குவது மட்டும் இல்லை. தனியாக இருக்கும் 80 வயதுக்காரருக்கு மாத்திரை டப்பியைத் திறந்து கொடுப்பவர் அவர்தான். உயரத்தில் இருக்கும் சாமானை எடுத்துத் தருபவரும், நாளுக்கு ஒரு முறையாவது முகம் பார்த்து நாலு வார்த்தை பேசுபவரும் அவரேதான். பொருள் கேட்டிலேயே நிற்கட்டும் என்றால், மூட்டுவலிக்காரர் 4 மாடி இறங்கி அதைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். நீங்கள் போடும் ஒவ்வொரு தடைக்கும் பின்னால் இப்படி ஒரு வேலை அநாதையாக நிற்கிறது. அதை எடுத்துச் செய்யப்போகிறவரின் பெயரைத் தடைக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை. பெயர் எழுத முடியாத தடையைப் போடாதீர்கள்.

இது புதிய யோசனை இல்லை. 1666-இல் கொள்ளைநோய் பரவியபோது இங்கிலாந்தின் ஈம் என்ற சிற்றூர் மக்கள் வெளியே போவதில்லை என்று தங்களைத் தாங்களே அடைத்துக்கொண்டார்கள். ஊர் எல்லையில் ஒரு கல். அதில் குழிகள், குழிகளில் வினிகர், வினிகருக்குள் காசு. பக்கத்து ஊர்க்காரர்கள் பொருளை வைத்துவிட்டுக் காசை எடுத்துக்கொண்டு போவார்கள். அடைப்பதும் ஊட்டுவதும் அங்கே ஒரே முடிவின் இரண்டு பாதிகளாக இருந்தன. நம் அறிவிப்புப் பலகைகளில் முதல் பாதி மட்டும்தான் ஏறியது.

'சமூக இடைவெளி' என்ற சொல்லும் நமக்குக் கெடுதல் செய்தது. 2020 மார்ச் மாதத்திலேயே உலக சுகாதார நிறுவனம் அந்தச் சொல்லை விட்டுவிட்டு 'உடல் இடைவெளி' என்று பேசத் தொடங்கியது. விலக வேண்டியது உடல்தான், உறவு இல்லை என்பதுதான் காரணம். ஆனால் பழைய சொல்லே வாயில் ஒட்டிக்கொண்டது. அடுத்த சுற்றறிக்கையிலாவது அதை மாற்றுங்கள். இது மனம் மட்டும் சம்பந்தப்பட்டது இல்லை. 148 ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2010-இல் வெளியான ஒரு கட்டுரை, உறவும் நட்பும் வலுவாக உள்ளவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 விழுக்காடு கூடுதல் என்று காட்டியது.

இனி, செய்ய வேண்டியவை. குடியிருப்புகளில் தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளுக்கு உதவி ஏற்பாடு செய்யும் தன்னார்வலர்கள் நாங்கள். எங்கே வேலை பிசகும், ஏன் பிசகும் என்பது தெரிந்த அளவில் எழுதுகிறோம்.

முதலில் ஒரு தாள். வீட்டுக்கு ஒன்று, ஒரே பக்கம். வீட்டில் எத்தனை பேர், இரண்டு தொலைபேசி எண்கள், வேறு இடத்தில் இருக்கும் ஒரு உறவினரின் எண். தினமும் போட்டுக்கொள்ளும் மருந்துகளின் பெயரும் அளவும். மருந்து ஒவ்வாமை உண்டா? காது கேட்பது எப்படி? படி இறங்க முடியுமா? டயாலிசிஸ் இருந்தால் எந்தெந்தக் கிழமை, கர்ப்பிணி இருந்தால் பிரசவத் தேதி என்ன, இன்சுலின் உண்டா, ஆக்சிஜன் செறிவூட்டி ஓடுகிறதா? கடைசி இரண்டும் மின்சாரம் போனால் சிக்கலாகும் வீடுகள். ஆகவே அவற்றுக்குத் தனி அடையாளம் போடுங்கள். வளர்ப்புப் பிராணி இருக்கிறதா என்றும் கேளுங்கள். நாயை யாரிடம் விடுவது என்று தெரியாமல் ஆஸ்பத்திரிக்குப் போக மறுப்பவர்கள் உண்டு. மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது என்பது கடைசி வரி.

இந்தத் தாளை விருப்பம் உள்ளவர்கள் மட்டும் தரட்டும். இரண்டே பேர் பார்க்கட்டும், பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். தயவுசெய்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு நிரப்பச் சொல்லாதீர்கள். யார் தனியாக இருக்கிறார்கள், யார் வீட்டுச் சாவி யாரிடம் என்ற பட்டியல் தப்பான கையில் சேர்ந்தால் அதைவிட ஆபத்து வேறில்லை. ஆண்டுக்கு ஒரு முறை திருத்தி வாங்கிக்கொண்டு, பழையதைக் கிழித்துவிடுங்கள்.

அடுத்தது ஆள். ஒரு உதவியாளருக்கு 4 அல்லது 5 வீடு போதும். ஆர்வத்தில் 12 வீட்டை ஏற்றுக்கொள்பவர் இரண்டாவது வாரத்தில் ஓய்ந்துபோவார், அந்த 12 வீடும் ஒரே நாளில் கைவிடப்படும். உதவியாளர் அதே தளத்துக்காரராக இருந்தால் நடை மிச்சம். ஆனால் மாற்று ஆளை வேறு தளத்திலிருந்து எடுங்கள். ஒரே தளத்து நடைபாதையில் ஒரே காற்றை மூச்சுவிடுபவர்கள் ஒரே வாரத்தில் படுக்கக்கூடும். மாற்று ஆளும் அதே தளம் என்றால் இருவரும் சேர்ந்தே படுத்துவிடுவார்கள். இரண்டு வாரம் வேலை, ஒரு வாரம் ஓய்வு என்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள். ஓய்வைக் கேட்டு வாங்கச் சொன்னால் நல்லவர்கள் யாரும் கேட்க மாட்டார்கள்.

இப்போது, உதவி எந்த இடத்தில் தோற்கிறது என்று சொல்ல வேண்டும். "ஏதாவது வேணும்னா கூப்பிடுங்க." நம்மில் எல்லாரும் மனதாரச் சொல்லும் வாக்கியம் இது. சொன்னவர் கடமை முடிந்தது என்று நினைப்பார், கேட்டவர் கூப்பிடவே மாட்டார். எது வேண்டும் என்று யோசித்து, அதைக் கேட்பது தகுமா என்று எடைபோட்டு, அடுத்தவரைத் தொந்தரவு செய்யத் துணிந்து, போனை எடுக்கும் பாரம் முழுவதையும் இந்த வாக்கியம் உதவி தேவைப்படுபவர் தலையிலேயே வைக்கிறது. அதற்குப் பதிலாக, "நாளைக்குக் காலைல 10 மணிக்குக் கடைக்குப் போறேன் அம்மா, உங்களுக்கு மூணு சாமான் சொல்லுங்க" என்று கேட்டால் அந்த அம்மா சொல்லிவிடுவார். நேரம் இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது, எப்படியும் போகப்போகிறவர்தான் என்ற ஆறுதலும் இருக்கிறது. முதல் சுற்றறிக்கையிலேயே உதவியாளர்களுக்கு இந்த ஒரு வாக்கியத்தை எழுதிக் கொடுங்கள். பாதி வேலை அதிலேயே முடியும்.

தினசரித் தொலைபேசியும் அப்படித்தான். குறித்த நேரத்தில் கூப்பிட வேண்டும். காலை 9 என்றால் 9. தனியாக இருப்பவருக்கு அந்த 9 மணிதான் நாளின் நங்கூரம். அரை மணி தள்ளிப்போனால் அரை மணி கவலை. பத்து நிமிடம் போதும். "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்காதீர்கள். "நல்லா இருக்கேன்பா" என்பதைத் தவிர வேறு பதில் வராது. "ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினீங்க? நேத்து என்ன சாப்பிட்டீங்க? அட்டையில இன்னும் எத்தனை மாத்திரை இருக்கு, எண்ணிச் சொல்லுங்களேன்" என்று கேளுங்கள். நேற்று என்ன சாப்பிட்டோம் என்று நினைவில்லாதவர், சமைக்கவே இல்லை என்பவர், மாத்திரை எண்ணிக்கை நாளோடு ஒத்துப்போகாதவர், இவர்கள் மூவரும் அவர்களாக வாய் திறந்து உதவி கேட்க மாட்டார்கள். கணக்குத்தான் காட்டிக்கொடுக்கும்.

குரலையும் கவனிக்கச் சொல்லுங்கள். நேற்று ஒரே மூச்சில் ஒரு வாக்கியம் பேசியவர் இன்று இரண்டு இரண்டு சொல்லாக நிறுத்தி நிறுத்திப் பேசினால், அது மூச்சு வாங்குவது. வயதானவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலேயே நோய் முற்றலாம். கிழமை தெரியாமல் குழம்புவது, திடீரென்று எழுந்து நடக்க முடியாமல்போவது, சாப்பாட்டைத் தொடாமலிருப்பது என்று வேறு முகத்தோடு வரும். இருந்த இடத்திலேயே மூச்சுத் திணறல், விடாத நெஞ்சுவலி, புதிதாக வந்த குழப்பம், எழுப்பினால் விழிக்காமை, உதடோ நகமோ நீலமாவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்து கூப்பிட வேண்டியது ஆம்புலன்ஸை. சங்கச் செயலாளரை அதற்குப் பிறகு கூப்பிடலாம்.

கூப்பிட்டு எடுக்கவில்லை என்றால்? இதற்கான படிகளை அன்றைக்கு யோசிக்கக் கூடாது, இன்றைக்கே எழுதி வைக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடியும் கூப்பிடுவது. பிறகு இரண்டாவது எண். பிறகு நேரில் போய் மணி அடித்து, கதவைத் தட்டி, பெயர் சொல்லி அழைப்பது. பிறகு வெளியூர் உறவினர். ஒரு மணி நேரத்துக்குள் பதில் இல்லை என்றால் மாற்றுச் சாவியோடு இருவராகப் போவது. சாவி இல்லை என்றால் காவல்துறை அல்லது தீயணைப்புத் துறை. "தூங்குகிறாரோ என்னவோ" என்று மாலை வரை விடுவது மரியாதை ஆகாது. குளியலறையில் விழுந்தவருக்கு அந்த மணிநேரங்கள் விலை மிக்கவை. அளவுக்கு மீறிக் கதவைத் தட்டிவிட்டோமோ என்ற சங்கடம் உதவியாளருக்கு வராமலிருக்க, இந்தப் படிகளை அந்த வீட்டுக்காரருக்கும் முன்பே காட்டி ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

பொருள் கொண்டுபோய்க் கொடுப்பதில் நுணுக்கம் அதிகம். ஆகவே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறோம். வாசலில் ஒரு முக்காலி அல்லது நாற்காலி வேண்டும். தரையில் வைத்த பையைக் குனிந்து எடுப்பதற்குள் முதியவர் தலைசுற்றி விழக்கூடும். இடுப்பு உயரத்தில் இருந்தால் நின்றபடியே எடுக்கலாம். ஒரு பையில் 3 கிலோவுக்கு மேல் வேண்டாம். 9 கிலோவை மூன்று பையாகப் பிரிப்பது உங்களுக்கு ஒரு நிமிட வேலை. மணி அடித்துவிட்டு 2 மீட்டர் பின்னால் போய் நில்லுங்கள். கதவு திறந்து, அவர் பையை எடுத்து, முகம் தெரிந்த பிறகுதான் நகர வேண்டும். வைத்த கையோடு ஓடிவிடுபவர்களின் பைகள் மணிக்கணக்கில் வாசலிலேயே கிடக்கின்றன. உள்ளே இருப்பவர் தூங்கியிருப்பார், காது மந்தமாக இருப்பார், அல்லது படுக்கையை விட்டு எழவே முடியாமல் இருப்பார். பால் திரிந்துபோவது சின்ன நட்டம். மூன்றாவது வகையாக இருந்து நமக்குத் தெரியாமலேபோவதுதான் பெரிய நட்டம். அந்த அரை நிமிடத்தில் முகக்கவசத்தோடு எட்டி நின்று பேசும் நாலு வார்த்தை, பையில் இருப்பதைவிடக் கூடுதலாகவே அவருக்கு உதவும்.

சாமான் பட்டியலை மூன்று கட்டமாக எழுதச் சொல்லுங்கள்: பொருள், அளவு, 'கிடைக்காவிட்டால் என்ன'. மூன்றாவது கட்டம் இல்லாத பட்டியல்தான் கடையில் நின்றுகொண்டு ஐந்து முறை போன் போட வைக்கும், அல்லது வேண்டாத பொருளை வாங்கி வர வைக்கும். 'சோப்பு' என்று எழுதினால் குளிப்பதற்கா, துணிக்கா, பாத்திரத்துக்கா? ஐந்து வீட்டுக்குச் சேர்த்து வாங்கும்போது கடையிலேயே வீட்டு எண் எழுதிய தனித்தனிப் பையில் போடுங்கள், வந்து பிரித்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். குளிர்ச்சியில் இருக்க வேண்டியதைக் கடைசியில் எடுத்து முதலில் கொடுங்கள். மூடி இறுகிய புட்டி, உறை உரிக்க வேண்டிய டப்பா இருந்தால், "ஒரு தடவை திறந்து தளர்வா மூடித் தரட்டுமா?" என்று கேளுங்கள். கைவலிக்காரர் வீட்டில் திறக்க முடியாத புட்டி வெறும் புட்டிதான்.

பணம் இன்னொரு மென்மையான இடம். அன்றன்று ரசீதை நோட்டில் ஒட்டி, வாரத்துக்கு ஒரு நாள் கணக்கு முடிப்பது இருவருக்கும் கௌரவம். ரசீதின் பின்பக்கம் வீட்டு எண், தேதி. ரொக்கமானால் உறையில் போட்டு, தொகையை உறையின் மேல் எழுதி அதே முக்காலியில் வைக்கட்டும். உதவியாளர் யாரும் முதியவரின் வங்கி அட்டையையோ ரகசிய எண்ணையோ ஓடிபியையோ கேட்கக் கூடாது, அவராகவே கொடுத்தாலும் வாங்கக் கூடாது. இந்த விதி முதியவரைக் காப்பதுபோலவே உதவியாளரையும் வீண் பழியிலிருந்து காக்கும். 'சங்கத்திலிருந்து பேசுகிறோம்' என்று பணம் கேட்டு வரும் அழைப்புகள் பற்றியும் எச்சரியுங்கள். அடைபட்ட காலம் ஏமாற்றுக்காரர்களுக்கு அறுவடைக் காலம்.

மருந்தின் பெயரைத் தொலைபேசியில் கேட்டு எழுதிக்கொள்ளவே வேண்டாம். ஒலியில் ஒன்றுபோலிருக்கும் பெயர்கள் ஏராளம். ஒரே பெயரில் 5 மில்லிகிராமும் 10 மில்லிகிராமும் இருக்கும். அட்டையின் பின்பக்கத்தைப் படமெடுத்து, மருத்துவரின் சீட்டோடு அனுப்பச் சொல்லுங்கள். படம் எடுக்கத் தெரியாதவர் காலி அட்டையை வாசல் முக்காலியில் வைக்கட்டும். மருந்தை ஓரத்திலிருந்து ஒழுங்காக வெட்டி எடுக்காவிட்டால் பெயரும் காலாவதித் தேதியும் அச்சான பகுதி போய்விடும். முழு அட்டையாக வாங்குவது நல்லது. 7 நாள் மருந்து மிச்சம் இருக்கும்போதே வாங்கும் வேலை தொடங்க வேண்டும், ஏனென்றால் தட்டுப்பாட்டுக் காலத்தில் முதல் கடையில் கிடைக்காது. யாரும் யாருக்கும் மருந்து சிபாரிசு செய்யக் கூடாது. தன் வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கையோ ஸ்டீராய்டையோ அக்கறையில் எடுத்துக் கொடுப்பது பெரிய தீங்கில் முடியும்.

விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை விழுக்காடு என்று பார்க்கும் கருவியான ஆக்சிமீட்டர், சங்கத்துக்கு இரண்டு வாங்கிவைப்பது நல்லதே. ஆனால் எப்படிப் பார்ப்பது என்ற குறிப்பு இல்லாமல் கொடுத்தால் ராத்திரி 2 மணிக்குப் பீதி கிளம்பும். 5 நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுத்த பிறகு பார்க்க வேண்டும். விரல் குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்க வேண்டும். நகப்பூச்சையும் மருதாணியையும் தவிருங்கள். வலது கை நடுவிரலிலோ ஆள்காட்டி விரலிலோ மாட்டி, கையை நெஞ்சின் உயரத்தில் அசையாமல் வைத்து, எண் ஒரே இடத்தில் நிற்கும்வரை ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். திரையில் இரண்டு எண்கள் வரும். ஒன்று ஆக்சிஜன், மற்றது நாடித்துடிப்பு. 72 என்ற நாடித்துடிப்பை ஆக்சிஜன் என்று படித்துவிட்டு அலறுபவர்கள் உண்டு. முதல் நாளே, நன்றாக இருக்கும்போது, அவருடைய வழக்கமான அளவைக் குறித்துவையுங்கள். நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவருக்கு அது எப்போதுமே குறைவாக இருக்கலாம். பொதுவாக 95 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 94-க்குக் கீழே போனால் மருத்துவரிடம் பேச வேண்டும். 90-க்குக் கீழே போனால் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை, ஆம்புலன்ஸ்தான். கருமையான தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டக்கூடும். ஆகவே எண் நன்றாக இருந்து ஆள் சோர்ந்துகொண்டே போனால் ஆளை நம்புங்கள். மறுபக்கமும் உண்டு: கோவிட்டில் மூச்சுமுட்டல் எதுவும் தெரியாமலேயே அளவு சரிந்தவர்கள் இருக்கிறார்கள். அப்போது எண்ணை நம்புங்கள்.

சுத்தம் செய்வதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறோம், ஏனென்றால் சங்கங்கள் பணத்தையும் பதற்றத்தையும் அளவுக்கு மீறிக் கொட்டியது இதில்தான். கோவிட் பெரிதும் பரவுவது காற்றில். மாடிப்படி சன்னலைத் திறந்து வைப்பது, லிஃப்டில் முகக்கவசத்தோடு தனியாகப் போவது, இவற்றின் பயன் பெரிது. பலர் கை படும் லிஃப்ட் பொத்தானையும் கைப்பிடியையும் சோப்பு நீரில் துடைத்துவிட்டு, 5 விழுக்காடு சோடியம் ஹைப்போகுளோரைட் உள்ள பிளீச் 20 மில்லியை 1 லிட்டர் தண்ணீரில் கலந்து துடைத்தால் போதும். அழுக்கின் மேலேயே பிளீச் போட்டால் அதன் வீரியம் அழுக்கிலேயே தீர்ந்துவிடும். கலவையை அன்றன்று புதிதாகச் செய்யுங்கள். ஆசிட்டோடோ அம்மோனியாவோடோ கலந்தால் நச்சுவாயு கிளம்பும். மனிதர்கள் மேல் அதைத் தெளிப்பது கண்ணையும் தோலையும் நுரையீரலையும் புண்ணாக்கும். ஊரிலிருந்து திரும்பி வந்தவரை வாசலில் நிறுத்தி மருந்தடிக்கும் வழக்கம் இனி எந்தக் குடியிருப்பிலும் வரக் கூடாது. நோயாளி வீட்டுக் குப்பையை இரட்டைப் பையில் கட்டித் தனியாக வைக்கச் சொல்லுங்கள். அதை எடுப்பவருக்குக் கையுறையும், கை கழுவ இடமும், முழுச் சம்பளமும் கொடுங்கள்.

நிர்வாகிகளே, கதவில் தாள் ஒட்டுவது பற்றி உங்களிடம் மன்றாடிக் கேட்கிறோம். நோய் வந்த வீட்டின் எண்ணைக் குழுவில் போடுவது, கதவில் குறி வைப்பது, அந்தத் தளத்தின் வழியைக் கட்டி அடைப்பது, இவற்றால் யாருடைய நோயும் குறைவதில்லை. அடுத்த வீட்டில் இருமல் வந்தவர் அதைப் பார்த்துவிட்டுச் சோதனைக்குப் போகாமலிருக்கக் கற்றுக்கொள்கிறார். மறைக்கப்பட்ட நோய்தான் பரவும். குழுவில் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை:

"நம் குடியிருப்பில் ஒரு வீட்டார் தனிமையில் இருக்கிறார்கள். அவர்களுக்கான உதவியாளர் பொறுப்பேற்றுவிட்டார். லிஃப்டில் முகக்கவசம் அணியுங்கள், படிக்கட்டுச் சன்னல்களைத் திறந்து வையுங்கள். யாருக்கேனும் அறிகுறி இருந்தால் உங்கள் உதவியாளரை அழையுங்கள். பெயர் வெளியே போகாது."

சுகாதாரத் துறை எத்தனை நாள் என்று சொல்கிறதோ அத்தனை நாள்தான் தனிமை. சங்கம் தன் பங்குக்கு ஒரு வாரம் சேர்ப்பது அத்துமீறல். நாட்களை எப்போதிலிருந்து எண்ணுவது, அறிகுறி தொடங்கிய நாள் 0-ஆ 1-ஆ என்பதையும் அந்த அறிவிப்பைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். காலம் முடிந்து அவர் முதல் முறை லிஃப்டில் ஏறும்போது அதே உதவியாளர் கூட ஏறட்டும். நூறு சுற்றறிக்கை செய்யாததை அந்த ஒரு பயணம் செய்யும்.

எல்லா வீட்டிலும் தனிமை ஒன்றுபோல் இல்லை. வெளியே போக முடியாத நாட்களில் அடி வாங்குபவர் அடிப்பவரோடேயே அடைபட்டிருப்பார். ஸ்பீக்கரில் போட்டுப் பேச வைக்கப்படுபவரிடம் "பிரச்சினை ஏதாவது இருக்கா?" என்று கேட்டால் நாம் அவரை ஆபத்தில் தள்ளுகிறோம். "இப்ப பேசலாமா, அப்புறம் கூப்பிடவா?" என்று ஆரம்பித்து, 'ஆமா', 'இல்ல' என்று மட்டும் சொல்லக்கூடிய கேள்விகளாகக் கேட்க வேண்டும். பட்டியலில் எழுதக்கூடிய சாதாரணப் பொருள் ஒன்றைக் குறிச்சொல்லாக எல்லா வீட்டுப் பெண்களிடமும் முன்பே தனித்தனியாகச் சொல்லி வைக்கலாம். அந்தப் பெயர் பட்டியலில் வந்தால், பாதுகாப்பான நேரத்தில் மறுபடி கூப்பிடுவது என்று பொருள். உதவியாளர் தானே போய்த் தட்டிக் கேட்கக் கூடாது. அவர் திரும்பிய பிறகு அடி இரட்டிக்கும். பெண்கள் உதவி எண்ணையும் காவல்துறை எண்ணையும் எல்லா உதவியாளரும் கைவசம் வைத்திருக்க வேண்டும்.

உதவி வாங்குபவரின் மனதைப் பற்றி ஒன்று. வாரக்கணக்கில் வாங்கிக்கொண்டே இருப்பது யாருக்கும் பாரம்தான். நாலாவது நாளிலிருந்து "ஒன்னும் வேணாம்" என்று சொல்லத் தொடங்குவார். தேவை தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், கூச்சம் நிரம்பிவிட்டது. அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். கணக்கு எழுதத் தெரிந்தவர் ஐந்து வீட்டு ரசீது நோட்டைப் பார்க்கட்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் போனில் மூன்றாம் தளத்துப் பிள்ளைக்கு வாய்ப்பாடு கேட்கட்டும். படுத்த படுக்கையாக இருப்பவர்கூட இன்னொரு தனியாளுக்குக் காலை 9 மணி அழைப்பைச் செய்ய முடியும். இப்படி ஒருவரை ஒருவர் அழைக்கும் சங்கிலி உருவானால் உதவியாளரின் சுமையும் குறையும். சங்கிலியின் கடைசி ஆள் முதல் ஆளுக்குக் கூப்பிட வேண்டும், அப்போதுதான் எங்கே அறுந்தது என்று தெரியும்.

இவற்றில் எதற்கும் பெரிய நிதி தேவையில்லை. அடுத்த பொதுக்குழுக் கூட்ட நிகழ்ச்சிநிரலில் ஒரு பொருளாக இதைச் சேருங்கள்: வீட்டுத் தாளுக்கு ஒப்புதல், 4 அல்லது 5 வீட்டுக்கு ஒரு உதவியாளர், வேறு தளத்திலிருந்து ஒரு மாற்று ஆள், தாள்களைப் பார்க்கும் இருவரின் பெயர். பெருந்தொற்றுக்காகத்தான் என்று காத்திருக்கவும் வேண்டாம். வெள்ளம் வந்தாலும், லிஃப்ட் நான்கு நாள் நின்றாலும், அறுவை சிகிச்சை முடிந்து ஒருவர் தனியாக வீடு திரும்பினாலும் இதே பட்டியல்தான் வேலை செய்யும். அப்படி ஒரு சின்ன சந்தர்ப்பத்தில் இந்த ஆண்டே ஓட்டிப் பாருங்கள். மாறிப்போன தொலைபேசி எண்களும் தொலைந்த சாவிகளும் அப்போதுதான் வெளியே வரும்.

அன்புடன்,
குடியிருப்பு உதவித் தன்னார்வலர்கள்

பி.கு.: ஆக்சிமீட்டரைப் பெட்டியில் போடும்போது பேட்டரியைக் கழற்றி, அதே பெட்டியில் தனி உறையில் வையுங்கள். உள்ளேயே கிடந்தால் கசிந்து முனைகள் துருப்பிடிக்கும், அவசரத்துக்கு எடுக்கும் நாளில் திரை எரியாது. பெட்டி யார் வீட்டில் இருக்கிறது என்பதை அறிவிப்புப் பலகையில் எழுதுங்கள்.